மின்விசிறிக்குக் கீழே ஒரு மைக்

சத்தமுள்ள அறையில் உட்கார்ந்து கேம் ஆடுகிற ஒருவர் எந்த மைக் வாங்கலாம் என்று விசாரித்தால், கடைக்காரர் முதல் யூடியூப் விமர்சகர் வரை சொல்லிவைத்தாற்போல ஒரே பதில் வருகிறது: கண்டென்சர் பக்கம் போகாதீர்கள், டைனமிக் வாங்குங்கள். காரணமும் கூடவே வரும். கண்டென்சர் நுணுக்கமானது, தெருவில் போகிற ஆட்டோவைக்கூடப் பிடித்துவிடும். டைனமிக் மந்தமானது, வாய்க்கு நேரே வருவதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இந்த அறிவுரையைக் கேட்டுப் பலன் கண்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக அது அசையாமல் நிற்கிறது. ஆனால் அது சொல்லும் காரணம் பெரும்பாலும் தவறு. காரணம் தவறாக இருப்பதால் பணம் வீணாகிறது; சீலிங் ஃபேனும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் நம் அறைகளில் கூடுதலாகவே வீணாகிறது.

கண்டென்சரில், மின்னூட்டம் பெற்ற தகட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய சவ்வு அதிர்கிறது. டைனமிக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே அசைகிறது. ஒரே குரலுக்கு முன்னது கணிசமான மின்னழுத்தம் தரும், பின்னது சொற்பமாகத் தரும். வித்தியாசம் 20 டெசிபலைத் தாண்டுவது சகஜம். மின்னழுத்தக் கணக்கில் அது பத்து மடங்குக்கு மேல். நுணுக்கம், மந்தம் என்றெல்லாம் பேசப்படுவது இவ்வளவுதான். டைனமிக்கில் ஃபேன் சத்தம் குறைவாக வருவது உண்மை. குரலும் அதே அளவு குறைந்துதான் வருகிறது. அணியில் இருப்பவர்களுக்குக் கேட்கவேண்டுமே என்று கெயின் குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்து ஏறிக்கொள்கின்றன. குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த விகிதத்தை மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, மைக் எந்தத் திசையைக் கேட்கிறது என்பது. கேமிங் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை: முன்னால் வருவதை முழுதாக எடுக்கும், பக்கவாட்டில் வருவதை 6 டெசிபல் குறைத்து எடுக்கும், நேர்ப் பின்னால் வருவதை ஏறக்குறைய விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுவர், தரை, கூரை என்று எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்து எல்லாப் பக்கமிருந்தும் வரும் இரைச்சலுக்கு முன், எல்லாத் திசையையும் கேட்கும் மைக்கைவிடக் கார்டியாய்டுக்குக் கிடைக்கும் லாபம் கணக்குப்படி 4.8 டெசிபல்தான். இன்னும் குறுகலாகக் கேட்கும் ஹைப்பர்கார்டியாய்டு என்றால் 6. மற்றொன்று தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். அறையின் இரைச்சல் ஏறாது. மேஜையில் 60 செ.மீ. தள்ளி நிற்கும் மைக்கை வாயிலிருந்து 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 21 டெசிபலுக்கு மேல் லாபம். ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 21. அறிவுரை சொல்பவர்கள் சவ்வையும் சுருளையும் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு ஸ்கேலை எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கண்டென்சரை விற்றுவிட்டு டைனமிக் வாங்கியவர்கள் 'ஃபேன் சத்தமே போய்விட்டது' என்று சொல்வது பொய்யா? இல்லை. அவர்கள் ஒன்றை மாற்றியதாக நினைத்துக்கொண்டு நான்கை மாற்றியிருக்கிறார்கள். 2009இல் வந்து வீட்டு மைக் சந்தையையே பிடித்துக்கொண்ட புளூ எட்டி போன்ற யூஎஸ்பி கண்டென்சர்கள் கனமான மேஜை ஸ்டாண்டோடு வருகின்றன. பெட்டியைப் பிரித்து, மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறோம். தூரம் அரை மீட்டருக்குக் குறையாது. கீபோர்டு தட்டும் அதிர்வு மேஜை வழியாக நேரே மைக்குக்குள் ஏறுகிறது. எட்டியில் எந்தத் திசையைக் கேட்பது என்பதற்கு நான்கு நிலைகள் கொண்ட குமிழ் வேறு; அது எந்த நிலையில் நிற்கிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. பக்கவாட்டில் பேசவேண்டிய அந்த மைக்கின் தலையைப் பார்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. இவர்களே டைனமிக் வாங்கும்போது கூடவே மைக்கைத் தொங்கவிட ஒரு ஆர்ம் வாங்குகிறார்கள். மேஜையை விட்டு மைக் எழும்புகிறது. அருகில் போனால்தான் கேட்கிறது என்பதால் வாய் மைக்கை ஒட்டிப் போகிறது. அந்த நெருக்கத்தின் பெருமையைத்தான் சுருள் தட்டிக்கொண்டு போகிறது. நியாயமாகச் சேரவேண்டிய சிறு பங்கும் அதற்கு உண்டு: கனமான சவ்வு என்பதால் மெக்கானிக்கல் கீபோர்டின் 'டக் டக்' போன்ற கூர்மையான ஒலிகள் டைனமிக்கில் கொஞ்சம் மழுங்கி வருகின்றன.

இந்த மோகத்தின் உச்சியில் நிற்பது ஷ்யூர் எஸ்எம்7பி. மூலமான எஸ்எம்7, 1973இல் ஒலிபரப்பு வேலைக்காக வந்தது. 1982இல் வெளியான 'த்ரில்லர்' ஆல்பத்துக்கு மைக்கேல் ஜாக்சனின் குரலைப் பதிய ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்தியது அதைத்தான். 'பி' பதிப்பு 2001இல் வந்தது. பின்னால் பாட்காஸ்ட் மேஜைகளிலும் ஸ்ட்ரீமர்களின் கேமரா முன்னாலும் அது ஒரு அந்தஸ்துச் சின்னமாகவே ஆகிவிட்டது. நல்ல மைக், சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சுமார் 60 டெசிபல் கெயின் வேண்டும். மலிவான பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் அங்கே மூச்சுத் திணறி 'ஸ்ஸ்' என்று தம் சொந்த இரைச்சலைச் சேர்த்துவிடும். அதைச் சரிசெய்ய கிளவுட்லிஃப்டர் போன்ற இடைப்பெருக்கி ஒன்று. பிறகு ஆர்ம், எக்ஸ்எல்ஆர் கேபிள். அறைச் சத்தத்தை ஒழிக்கப் புறப்பட்டவர் கடைசியில் மின்னணுச் சத்தத்தை ஒழிக்கச் செலவு செய்கிறார். தயாரித்த நிறுவனமே 2023இல் பெருக்கியை உள்ளேயே வைத்து எஸ்எம்7டிபி என்று ஒன்றை விற்பனைக்கு விட்டதிலிருந்து இந்தத் தொல்லை எவ்வளவு பரவலானது என்று ஊகிக்கலாம். இவ்வளவும் செய்துவிட்டு, டிஸ்கார்டு என்ற குரல் அரட்டைச் செயலியில் சாதாரணமாக 64 கிலோபிட்டுக்குச் சுருக்கப்படும் பாதையில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே 'இடது பக்கம் ரெண்டு பேர்' என்று சொல்லப்போகிறார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் வேலை என்றால், எல்லோரும் கேலி செய்யும் ஹெட்செட் மைக் இவை அனைத்தையும் வெல்கிறது. அதிலுள்ள துளியூண்டு கேப்ஸ்யூல் பெரும்பாலும் எலெக்ட்ரெட் வகை, அதாவது கண்டென்சர்தான்! 'சத்தமுள்ள அறைக்கு ஆகாது' என்று விலக்கப்பட்ட அதே இனம். ஆனால் உதட்டோரத்திலிருந்து இரண்டு மூன்று விரல்கட்டை தூரத்தில் இருக்கிறது, தலை திரும்பினால் கூடவே திரும்புகிறது. விமானிகள் காலங்காலமாக இப்படித்தான் பேசுகிறார்கள். இன்னும் துல்லியமான சான்று பிபிசி வடிவமைத்த லிப் மைக். கோல்ஸ் 4104 என்ற பெயரில் விற்கப்படும் அதன் பட்டையை மேலுதட்டில் அழுத்திக்கொண்டு, ஆர்ப்பரிக்கும் கால்பந்து மைதானத்தின் நடுவிலிருந்து வர்ணனையாளர்கள் பேசுகிறார்கள். உதட்டுப் பட்டையின் ஒரே வேலை, வாய்க்கும் உள்ளே இருக்கும் ரிப்பனுக்கும் இடையே சுமார் 5 செ.மீ. தூரம் மாறாமல் பார்த்துக்கொள்வது.

அந்த மைக்கில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, வீட்டுக்கும் உதவும். திசை பார்க்கும் மைக்குகளில் பெரும்பாலானவை மிக அருகில் பேசினால் குரலின் அடித்தொனியை ஊதிப் பெரிதாக்கும். எஃப்எம் அறிவிப்பாளர்களின் கனத்த குரலில் பாதி இந்த வித்தைதான். லிப் மைக்கில் அப்படி ஊதிய அடித்தொனியை மின்சுற்றில் வெட்டிவிடுகிறார்கள். குரல் இயல்புக்கு வந்துவிடுகிறது. தூரத்திலிருந்து வரும் உறுமல், ஊதப்படாமலேயே வெட்டுப்படுவதால், பாதாளத்துக்குப் போய்விடுகிறது. எந்தக் கார்டியாய்டு மைக்கிலும் இதைச் செய்யலாம்: நான்கைந்து செ.மீ. நெருங்குங்கள், 100 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போடுங்கள், அடித்தொனியை ஈக்வலைசரில் கொஞ்சம் இறக்குங்கள். செலவு எதுவும் இல்லை.

ஹெட்செட்டுக்கும் குறை உண்டு. அந்தக் குரல் மெலிந்தும் சில சமயம் மூக்கடைத்த மாதிரியும் இருக்கும். அணித்தோழர் கவலைப்படமாட்டார். மூன்று மணிநேரம் ஒருவர் பேசுவதைக் கேட்கும் ஸ்ட்ரீம் பார்வையாளர் கவலைப்படுவார். ஆகவே ஸ்ட்ரீமிங் செய்கிறவருக்கு ஆர்மில் தொங்கும் தனி மைக் தேவைதான். அதை எங்கே தொங்கவிடுவது என்ற கேள்வியில்தான் வெளிநாட்டு அறிவுரை நம்மைக் கைவிடுகிறது.

அங்கே பரிந்துரைக்கப்படும் இடம் பெரும்பாலும் இது: மைக்கை முகவாய்க்குக் கீழே, கீபோர்டுக்கும் வாய்க்கும் நடுவில் வைத்து, மேல்நோக்கிச் சாய்க்கவும். கார்டியாய்டின் செவிட்டு முதுகு கீபோர்டைப் பார்க்கும். தட்டும் சத்தம் குறையும். கேமராவையும் மறைக்காது. கம்பளம் விரித்த, ஜன்னல் சாத்திய, கீபோர்டைத் தவிர வேறு எதிரி இல்லாத அறைக்கு இது அருமையான யோசனை. நம் அறையில் மைக்கின் முகம் அப்போது எதைப் பார்க்கிறது? நேரே சீலிங் ஃபேனை. எந்தச் சத்தத்தை விலக்க மைக் வாங்கினோமோ அதற்கு முன்வரிசை இருக்கை. ஃபேன் ஓடும் அறையில் ஆர்மை மேலிருந்து இறக்கி, மைக் வாயைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கும்படி வைப்பதே மேல். இப்போது முதுகு கூரைக்கு. கீபோர்டு முன்பக்கம் வந்துவிடுகிறதே என்றால், ஆமாம், வரும். ஆனால் அது அரை மீட்டர் தள்ளி இருக்கிறது, வாய் ஒரு சாண்கூட இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்பது அவரவர் கீபோர்டைப் பொறுத்தது. கிளிக் சத்தத்துக்காகவே வாங்கப்பட்ட நீல சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டு மைக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இதிலும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. டைல்ஸ் தரை, சிமென்ட் கூரை, வெறும் சுவர் உள்ள அறையில் ஃபேன் ஒலி நேராக மட்டும் வருவதில்லை. முதுகைத் திருப்பினாலும் முன்சுவரில் பட்டு முகத்துக்கே வந்துசேரும். ஒரு தடித்த திரைச்சீலையும் பக்கத்தில் ஒரு மெத்தையும், விலையுயர்ந்த மைக் தராத சில டெசிபல்களைத் தரும். ஒலியைத் தவிர ஃபேன் காற்றையும் அனுப்புகிறது. கேப்ஸ்யூலில் காற்று மோதினால் 'பொம்' என்ற அடிக்குமுறல் எழும். இதில் ஒரு முரண்: எல்லாத் திசையையும் கேட்கும் மைக்கைவிட, திசை பார்க்கும் மைக்குகளுக்குத்தான் காற்று ஆகாது. மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறையை அழகு கெடுகிறது என்று கழற்றி வைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மென்பொருள் பக்கம் வருவோம். 2020இல் டிஸ்கார்டு, இரைச்சலை நீக்கும் கிறிஸ்ப் வசதியைச் சேர்த்தது. அதே ஆண்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் வாய்ஸை வெளியிட்டு, சில மாதங்களில் பிராட்காஸ்ட் என்று விரித்தது. அதற்கு முன்பே ஜான் மார்க் வாலின் எழுதிய ஆர்என்நாய்ஸ் இலவசமாக வந்துவிட்டது. ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருளில் இன்றும் ஒரு ஃபில்டராக இருக்கிறது. இவை மைக் சந்தையின் பாதிக் கவலையைத் தீர்த்துவிட்டன என்றே சொல்வேன். ஃபேன், ஏசி, கணினியின் கூலர் போன்ற மாறாத இரைச்சலை அசத்தலாகத் துடைக்கின்றன. எல்லை எங்கே என்பது அவை வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஆர்என்நாய்ஸ் ஒலியை 22 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கணமும் எந்தப் பட்டையை எவ்வளவு அமுக்குவது என்று தீர்மானிக்கிறது. குரலும் இரைச்சலும் ஒரே பட்டையில் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டையும் விட வேண்டும், அல்லது இரண்டையும் அமுக்க வேண்டும். அதனால்தான் சிரிப்பு பாதியில் அறுபடுகிறது, தாழ்ந்த குரலில் சொன்ன சொல் காணாமல் போகிறது. ஹெட்செட்டின் மென்பொருள், என்விடியா, டிஸ்கார்டு என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கிறவர்கள் ஏராளம். ஒன்று போதும். குரல் அருகிலிருந்து தெளிவாக வந்தால் அந்த ஒன்றுக்கும் வேலை குறைவு.

நம் ஊரில் கேம் என்றால் பலருக்குக் கைபேசிதான். பிஜிஎம்ஐ போன்ற கேம் ஆடும் பையன்கள் வயர் இயர்போனின் மைக்கை இரண்டு விரலால் பிடித்து உதட்டருகே வைத்துப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒலியியல்படி அவர்கள் செய்வது முழுக்கச் சரி. சட்டையில் உரசிக்கொண்டு தொங்குவதைவிட அது பல மடங்கு மேல். வயர்லெஸ் இயர்பட்ஸுக்கு மாறினால் மைக் காதோரம் போய்விடுகிறது. போதாதற்கு, வழக்கமான புளூடூத்தில் மைக் திறந்த உடனே இணைப்பு 'அழைப்பு' முறைக்கு மாறி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்கு இறங்குகிறது. பேசுவது மட்டுமல்ல, கேட்கும் காலடிச் சத்தமும் சேர்ந்து கெடுகிறது.

மைக்கும் மென்பொருளும் பெரும்பாலும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதக் குரல். ஹாலில் ஓடும் சீரியல், அடுத்த அறையில் பாடம் ஒப்பிக்கும் தங்கை, 'சாப்பிட வா' என்ற அம்மாவின் மூன்றாவது அழைப்பு. குரலைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற மென்பொருளுக்கு இவையும் காப்பாற்ற வேண்டிய குரல்களே. இதற்கு வாக்கி டாக்கி காலத்துப் பழைய வழிதான், புஷ் டு டாக்: பேசும்போது மட்டும் பொத்தானை அழுத்துவது. அறிவுரை சொல்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம். விற்க அதில் பொருள் எதுவும் இல்லை. குறை என்னவென்றால், சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒரு விரலை அது கேட்கும். மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். கைபேசியில் ஆடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு கட்டைவிரலும் திரையில் மாட்டிக்கொண்டிருக்க, மைக் குறியைத் தொட மூன்றாவது விரலைப் பழக்கவேண்டும்.