‘அசல்’ என்பது எது? திரைப்பட விலங்குருவங்களை மீட்டலும் மெய்ப்பித்தலும்

இராமேசுவரத்தை அடுத்த பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் தேசிய நினைவகத்தில் ஏவுகணை மாதிரிகளும் கலாம் பயன்படுத்திய பொருள்களும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஏவுகணைக்கு மூலம் வேறிடத்தில் உண்டென்பதை அறிவர். அறிவியல் புனைவுப் படத்தின் விலங்குருவத்திற்கு இவ்வசதி இல்லை. எங்கும் வாழாத உயிருக்குச் செய்யப்பட்ட மாதிரி அது, மாதிரியே மூலமுமாகும். எனவே அதனை ‘அசல்’ என்னும்போது எதனைக் குறிக்கிறோம் என்பது வரையறுக்கப்பட வேண்டும்.

‘ஜாஸ்’ (1975) அறிவியல் புனைவன்று. எனினும் அதன் சுறா நல்ல சான்று. படப்பிடிப்பில் இயங்கிய சுறாக்கள் அழிந்தன. அதே அச்சில் வார்த்த நான்காவது கண்ணாடியிழைச் சுறா, யுனிவர்சல் படப்பிடிப்புத் தளத்தில் பயணிகள் அருகில் நின்று படமெடுத்துக்கொள்ளத் தொங்கவிடப்பட்டுப் பின்னர்ப் பழைய வண்டிகள் உடைக்கும் இடமொன்றில் கிடந்தது. 2010இல் அப்படத்தில் பணியாற்றிய ராய் ஆர்போகாஸ்ட் அதன் அச்சினை உறுதிசெய்தார். கிரெக் நிக்கோடெரோ அதனைச் செப்பனிட்டுப் புதிதாக வண்ணந்தீட்டினார். அச்சால் அது அசல். ஆனால் ஒளிப்படக்கருவியின் முன் நடித்ததன்று.

‘கிங் காங்’ (1933) உருவமொன்றின் உலோகச் சட்டகம் 2009இல் இலண்டனில் ஏலம் போனது. ரப்பரும் மயிரும் உதிர்ந்துவிட, மூட்டுகளே எஞ்சின. அது ஒளிப்படக்கருவியின் முன் நின்றது. எனினும் அதனைத் திரையில் கண்டவர் எவருமிலர்! ‘நடித்தது’, ‘காணப்பட்டது’ என்னும் இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க லிப்பர்ட் நிறுவனத்துடன் இணைந்து எடுத்த ‘காடு’ (1952) இச்சிக்கலை மேலும் கடினமாக்குகிறது. வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில் மயிர்ப்போர்வை அணிவிக்கப்பட்ட யானைகளே தொல்லுலக மாமதங்களாயின. இங்குச் சட்டகம் உயிருள்ள யானை. விலங்காகத் தோன்றியது போர்வை. யானை ஒருநாளும் காட்சிப்பொருளாகாது. நாளை அப்போர்வையின் துண்டொன்று கிடைத்ததாக ஒருவர் கொணர்ந்தால் எவ்வாறு மெய்ப்பிப்பது? வண்ணப்படம் அன்றாதலின் நிறத்தை ஒப்பிட வழியில்லை. மயிர்க்கற்றைகள் விழும் போக்கையும் தையலையும் படச்சட்டங்களோடு ஒப்பிடலாம். அதனினும் வலிய சான்று போர்வையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கக்கூடிய யானை மயிரும் தோல்துகளுமே.

மீட்பாளர் முதலில் கழுவி நீக்க முற்படுவதும் இவற்றையே. அழுக்கு எனப்படுவது இங்கு ஆவணம். ஆதலின் மாதிரித்துகள் எடுத்தலும் ஒளிப்படப் பதிவும் தூய்மைப்படுத்தலுக்கு முன்னரே நிகழவேண்டும். இராமநாதபுரக் கரை போன்ற உப்பீரக் காற்றுள்ள இடத்தில் இரும்புப் பாகங்கள் விரைந்து துருப்பிடிக்குமாதலின் காலந்தாழ்த்தவும் இயலாது. தமிழ்த் திரையாய்வு பாட்டுப்புத்தகங்களையும் கதைவசன நூல்களையும் பேணிய அளவுக்கு உடை, முகமூடி, உருவங்களைக் கருதியதில்லை. ‘எந்திரன்’ (2010) தன் இயந்திர மனிதனை 2030இன் அருங்காட்சியகத்தில் நிறுத்தியே முடிகிறது. அவ்வகைக் காட்சிக்கூடம் உண்மையில் அமையுமாயின், ஒவ்வொரு பொருளின் கீழும் அச்சு எது, நடித்த பகுதி எது, பின்னர்ச் சேர்த்தது எது என மூன்று வரிகளேனும் எழுதப்பட வேண்டும்.