விகுதியும் பக்தியும்: ஆங்கிலத் திருமறையின் வினைச்சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கிலத் திருமறையைப் போற்றுவோர், அதன் நடைச் சிறப்பையே முதற்கண் எடுத்துரைப்பர். அச்சிறப்பு எதில் அடங்கியுள்ளது என்று வினவின், பலரும் அதன் வினைச்சொற்களைச் சுட்டுவர். 'கமெத்', 'நோவெத்', 'ஹாத்', 'டத்' ஆகிய வடிவங்களும், 'தௌ ஆர்ட்', 'தௌ ஹாஸ்ட்' ஆகிய தொடர்களும் செவியில் விழுந்தவுடனே ஆலயத்தின் அமைதி நினைவுக்கு வருகிறது. இவை இறைவனுக்கென்று ஒதுக்கப்பட்ட புனித மொழி என்ற எண்ணம் ஆங்கிலம் பேசும் சபைகளில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. ஆங்கிலத் திருமறையையும் விளக்கவுரைகளையும் துணையாகக் கொண்டு அருளுரை ஆயத்தம் செய்யும் நம்மிடையேயும் அவ்வெண்ணம் இல்லாமற் போகவில்லை.

இவ்வெண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதும், பழைய விகுதிகளின் உண்மையான பயன் அவற்றின் ஓசையில் அன்று, பொருள் நுட்பத்திலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும்.

1. விகுதிகள் தேய்ந்த வரலாறு

பழைய ஆங்கிலம் நம் தமிழைப்போலவே வினைச்சொல்லின் இறுதியில் இடத்தையும் எண்ணையும் காட்டிய மொழி. 'பாடு' எனப் பொருள்படும் வினை, நிகழ்காலத்தில் தன்மை ஒருமைக்கு 'ஸிங்கெ' என்றும், முன்னிலை ஒருமைக்கு 'ஸிங்கெஸ்ட்' என்றும், படர்க்கை ஒருமைக்கு 'ஸிங்கெத்' என்றும், பன்மைக்கு 'ஸிங்கத்' என்றும் வழங்கிற்று. முதல் அசையிலேயே அழுத்தம் விழும் மொழியாதலின் இறுதி அசைகள் மெலிந்தன. வடபகுதியில் குடியேறிய ஸ்காண்டிநேவியரோடு கலந்து வாழ்ந்ததும் இத்தேய்வை விரைவுபடுத்திற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. 1066இல் நார்மானியர் வெற்றிக்குப்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி இடம்பெற்றது. எழுத்து மரபின் கட்டுப்பாடு தளரவே, பேச்சுவழக்கின் மாற்றங்கள் தடையின்றி ஏட்டில் ஏறின.

பதினான்காம் நூற்றாண்டில் வட்டாரத்திற்கொரு விகுதி வழங்கிற்று. படர்க்கை ஒருமையில் தென்னாட்டாரும் இடைநாட்டாருட் பலரும் 'எத்' என்றனர். வடநாட்டார் 'எஸ்' என்றனர். இவ்வடநாட்டு வடிவத்தின் தொன்மைக்குச் சான்று திருமறை ஏடொன்றிலேயே உள்ளது. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் எழுதப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு, வரிகளுக்கிடையே தம் வடநாட்டு ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருளெழுதினார். அவருடைய வினைகளில் பழைய விகுதியும் புதிய 'ஸ்' விகுதியும் மாறிமாறி வருகின்றன.

இலண்டன் மாந்தருக்கோ இவ்வடிவம் நாட்டுப்புறத்தாரின் கொச்சையாகவே ஒலித்தது. 1400இல் மறைந்த சாசர் என்னும் கவிஞர், தம் கதையொன்றில் வடநாட்டு மாணவர் இருவரை நகைப்புக்குரியோராய்ப் படைத்தபோது, அவர்கள் வாயில் இந்த 'ஸ்' விகுதியை வைத்தார். அன்று நகைக்கப்பட்ட அவ்விகுதியே இன்று உலகெங்கும் செவ்விய ஆங்கிலம். அன்று செவ்வியதாயிருந்த 'எத்' வழக்கொழிந்தது. ஒரு விகுதிக்கு உயர்வோ தாழ்வோ இயல்பிலேயே அமைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2. 1611இல் 'எத்' விகுதி பெற்றிருந்த நிலை

வில்லியம் திண்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது, 'எத்' என்பது தென்னாட்டு ஆங்கிலத்தின் இயல்பான வடிவம். ஏர் உழும் சிறுவனுக்கும் மறைநூல் விளங்கவேண்டும் என்பதே அவர் வேட்கையாயிருந்தது. புனித மொழியொன்றைப் படைப்பது அவர் நோக்கமன்று. அடுத்த எண்பது ஆண்டுகளில் பேச்சில் 'ஸ்' பரவிற்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 'ஸ்' மேலோங்கி நிற்க, 'ஹாத்', 'டத்' போன்ற மிகுவழக்குச் சொற்களில் மட்டும் பழைய வடிவம் தங்கிநிற்பதைக் காண்கிறோம்.

ஆயின் அவர் காலத்திலேயே பணியாற்றிய திருமறை மொழிபெயர்ப்பாளர்கள் ஏறத்தாழ எங்கும் 'எத்' விகுதியையே ஆண்டனர். 1568ஆம் ஆண்டின் பேராயர் திருமறையை இயன்றவரை மாற்றாது பின்பற்றுக என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. எனவே திண்டேலின் நாளில் பேச்சுமொழியாயிருந்தது, 1611இல் சற்றே பழமையேறிய ஏட்டுமொழியாய் நிலைபெற்றது. 1643இல் ரிச்சர்டு ஹாட்ஜஸ் என்னும் பள்ளியாசிரியர், மக்கள் 'எத்' என்று எழுதினும் நாள்தோறும் பேசுகையில் 'ஸ்' என்றே ஒலிக்கின்றனர் எனக் குறித்துவைத்துள்ளார்.

ஆகவே இம்மொழிபெயர்ப்பின் 'எத்' விகுதி மரபுகாத்தலின் விளைவேயன்றி, பக்தியின் படைப்பு அன்று. மற்றெல்லா இடங்களிலும் அது மறைந்தபின் ஆலயத்தில் மட்டும் எஞ்சி நின்றமையால், ஆலயத்தின் மணம் அதிற் படிந்தது.

3. 'தௌ' மரியாதைச் சொல்லா?

முன்னிலைச் சொற்களைப் பற்றிய மயக்கம் இதனினும் பெரிது. 'தௌ' ஒருமை, 'யீ' பன்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, உயர்ந்தோர் ஒருவரைப் பன்மையால் விளிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் நுழைந்தது. அதனால் 'தௌ' என்பது நண்பர்க்கும் சிறுவர்க்கும் ஏவலர்க்கும் உரிய சொல்லாயிற்று. தமிழ்ச் செவிக்கு அது 'நீர்' என்பதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது 'நீ' என்பதற்கே நிகரானது.

1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இம்மரியாதை வழக்கைக் கருதவேயில்லை. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை இருப்பின் 'தௌ', பன்மை இருப்பின் 'யீ' என்பதே அவர்கள் நெறி. சங்கீதக்காரன் கடவுளை விளிப்பதும் 'தௌ'. பிலேயாம் தன் கழுதையை விளிப்பதும் 'தௌ'. அகிரிப்பா அரசன்முன் நின்று பேசும் பவுலும் ஒருமையிலேயே விளிக்கிறார். அந்நாளில் இங்கிலாந்தின் அரசவையில் எவரும் அவ்வாறு பேசத் துணிந்திருக்கமாட்டார். பாலைநிலச் சோதனையில் சாத்தான் இயேசுவிடமும், இயேசு சாத்தானிடமும் அச்சொல்லையே வழங்குகின்றனர். நம் தமிழ்த் திருமறையில் இவ்விடத்தில் சாத்தானுங்கூட 'நீர்' என்று விளிக்க, ஆண்டவர் அவனை ஏவல் ஒருமையால் அகற்றுகிறார். கிரேக்கத்தில் இல்லாத இவ்வேறுபாட்டைத் தமிழின் இயல்பு நம்மேல் சுமத்துகிறது. ஆங்கில மொழிபெயர்ப்போ அதற்கு இடந்தரவில்லை.

'தௌ' என்பதன் உண்மை நிலையை நண்பர் குழாத்தினர் நன்கறிந்திருந்தனர். ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைச் சார்ந்தோரும், கடவுள்முன் அனைவரும் சமமாதலின், நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே விளித்தனர். அதனால் அவமதிப்புக் குற்றச்சாட்டுக்கும் ஆளாயினர். ஒருமை பன்மை வேறுபாட்டைப் பல மொழிகளின் சான்றுகொண்டு நிறுவ, 1660இல் ஒரு நூலையே ஃபாக்ஸ் பிறரோடு சேர்ந்து வெளியிட்டார். சமத்துவத்தின் அடையாளமாய் அவர்கள் ஏந்திய சொல்லைப் பிற்காலத்தார் இறைவனின் மாட்சிக்குரிய தனிச்சொல்லாகக் கொண்டது வரலாற்றின் விந்தை.

4. விகுதி இறையியலானபோது

இம்மயக்கம் மொழிபெயர்ப்பையே இடருக்குள்ளாக்கிய நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது. 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்திய செந்தர மொழிபெயர்ப்பு 'எத்' விகுதியைக் கைவிட்டது. மனிதரை விளிக்க 'யூ' என்றும், கடவுளை விளிக்க மட்டும் 'தௌ' என்றும் விதி செய்தது. பக்திக்கு இடங்கொடுக்கும் நல்லெண்ணமே இதன் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின் விளைவு யாது? இயேசு கிறிஸ்துவை எச்சொல்லால் விளிப்பது என்ற வினா எழுந்தது.

நற்செய்தி நூல்களில் சீடர் அவரை 'யூ' என்கின்றனர். பிலிப்பு செசரியாவில் பேதுரு அறிக்கையிடும்போதும் அவ்வாறே. வெளிப்படுத்தின நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவரை நோக்கி எழும் பாடலிலோ 'தௌ' வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவரைச் சவுல் 'யூ' என்று விளிக்க, அதே அதிகாரத்தில் அனனியா பழைய ஒருமை வடிவத்தால் விளிக்கிறான். கிரேக்க மூலத்தில் இவ்விடங்களில் எவ்வித மரியாதை வேறுபாடும் இல்லை. மூலம் எழுப்பாத கிறிஸ்தியல் வினாவொன்றுக்கு, வசனந்தோறும் விடையிறுக்கும் கட்டாயத்தை ஒரு பிரதிப்பெயர் உண்டாக்கிற்று. கிறிஸ்துவின் தெய்வீகத்தை அம்மொழிபெயர்ப்புக் குறைத்துவிட்டது எனச் சிலர் குறைகூறவும் இது வழிசெய்தது. 1970ஆம் ஆண்டின் புதிய ஆங்கிலத் திருமறையும் இறைவேண்டலில் இவ்வழக்கை விடவில்லை. 1989இல் வெளியான அவ்விரண்டின் திருத்தங்களும் அதனை முற்றிலும் நீக்கின. அந்நீக்கம் பக்திக்குறைவு அன்று. மூலத்திற்குக் காட்டிய நேர்மையே எனலாம்.

5. உண்மையான இழப்பு

அங்ஙனமாயின் பழைய வடிவங்களால் பயனே இல்லையோ? உண்டு. பழைய விகுதிகளும் பிரதிப்பெயர்களும் மறைந்தபோது ஆங்கிலம் கூர்மையான ஒரு கருவியை இழந்தது. மூன்று இடங்கள் இதனை விளக்கப் போதும்.

லூக்கா 22:31, 32 வசனங்களில், சாத்தான் புடைக்கக் கேட்டுக்கொண்டது சீடர் அனைவரையும். ஆண்டவர் வேண்டிக்கொண்டதாகக் கூறுவது பேதுரு ஒருவனுக்காக. பழைய ஆங்கிலத் திருமறை பன்மையையும் ஒருமையையும் பிரித்துக் காட்டுகிறது. 'யூ' ஒன்றையே உடைய இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. இதனை உணர்ந்தே 1989ஆம் ஆண்டின் புதிய திருத்தம் 'அனைவரும்' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்க்க நேர்ந்தது.

1 கொரிந்தியர் 3:16இல் கடவுளின் ஆலயம் எனப்படுவது பன்மையாகிய சபை. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் நோக்குவோர், தனிமனிதனின் உள்ளமே அவ்வாலயம் எனக் கொண்டு, பிளவுபட்ட சபைக்கு அப்போஸ்தலர் விடுத்த எச்சரிக்கையைத் தனிமனித ஒழுக்கப் போதனையாகச் சுருக்கிவிடுகின்றனர்.

மூன்றாவது, ஆண்டவர் கற்பித்த செபம். அதில் அரசு வரும்படி வேண்டுமிடத்தில் வினை 'கம்' என்று விகுதியின்றி நிற்கிறது. 'கமெத்' என்றிருப்பின் 'வருகிறது' என்னும் செய்தியாகும். விகுதியின்மையே 'வருவதாக' என்னும் வேட்கையைக் காட்டுகிறது. இவ்வேறுபாட்டுணர்வு மங்கியமையால், இவ்வேண்டுதலைப் பொருளுணராது பழகிய தொடராகச் சொல்லிச் செல்வோர் பலர்.

இம்மூன்று இடங்களிலும் தமிழ்த் திருமறை தெளிவாகவே பேசுகிறது. 'உங்களை' என்பதற்கும் 'உனக்காக' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் சபையின் எளிய உறுப்பினரும் அறிவர். அவர்கள் கையிலுள்ள நூல் தெளிவாய்க் கூறுவதை, ஆங்கில விளக்கவுரையை மட்டும் நம்பி ஆயத்தம் செய்த போதகர் மழுங்கச்செய்வது நேரக்கூடாத ஒன்று.

6. முடிவுரை

1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அதன் உண்மைச் சிறப்பை உரிய இடத்தில் காண்பதே நோக்கம். அம்மொழிபெயர்ப்பாளர்கள் கடவுளுக்கும் கழுதைக்கும் ஒரே இலக்கணத்தை வழங்கினர். மரியாதையைச் சொல்லின் இறுதியில் ஒட்டிவைக்க அவர்கள் முயலவில்லை. மூலத்தின் எண்ணையும் இடத்தையும் பிசகாது காட்டுவதையே மரியாதையாகக் கருதினர்.

திருப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்று. பழமையின் ஓசையைப் பக்தியென மயங்குவது எளிது. அம்மயக்கம் தமிழிலும் நேரக்கூடியதே. ஒவ்வொரு வினைமுற்றையும் நோக்கி, 'பேசப்படுவோர் ஒருவரோ பலரோ? இது செய்தியோ வேண்டுதலோ?' என வினவிப் பொறுமையுடன் விடைகாண்பது கடினம். அக்கடின உழைப்பே திருமறைக்கு நாம் செலுத்தும் வணக்கம்.