சூதாடியின் 'நாளை'

சூதைக் கடிந்து கூறும் அறநூல்கள் நம்மிடம் பல உண்டு. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் சூதாடுபவனின் உள்ளத்துள் இறங்கி, அங்கு நிகழ்வதை அவன் வாயாலேயே சொல்லவைத்த நூல்கள் மிகச் சிலவே. இரசிய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் 'சூதாடி' அவற்றுள் ஒன்று.

கடன் நெருக்கடியில் பிறந்த நாவல் இது. 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் தராவிடில், தம் நூல்களை ஊதியமின்றி வெளியிடும் உரிமையைப் பதிப்பாளரிடம் இழக்கும்படியான ஒப்பந்தத்தில் ஆசிரியர் சிக்கியிருந்தார். அன்னா என்னும் இளம் சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொள்ள, 26 நாள்களில் நாவலைச் சொல்லி முடித்தார். அவசரத்தின் தழும்புகள் நூலில் தெரிகின்றன. பிரெஞ்சுக்காரரும் போலந்துக்காரரும் வெறும் கேலிச்சித்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். எனினும் மையப் பாத்திரத்தில் பழுதில்லை.

இந்நூலில் இருவர் சூதாடுகின்றனர். ஒருவர், எழுபத்தைந்து வயதுப் பாட்டி. அவரது சாவையும் சொத்தையும் எதிர்பார்த்திருக்கும் உறவினர் நடுவே சக்கர நாற்காலியில் வந்திறங்கி, சூதாட்டச் சாலைக்குள் நுழைகிறார், முதலில் வெல்கிறார், பின்னர் பெருந்தொகையைத் தோற்கிறார். ஊரிலுள்ள மரக் கோவிலைக் கல்லால் கட்டித்தர நேர்ந்திருந்தும், பணத்தை இங்கே தொலைத்தேனே என்று தம் மடமையைத் தாமே ஒப்புக்கொண்டு ஊர் திரும்புகிறார். மற்றவன், கதை சொல்லும் இளைஞன் அலெக்சி. அவன் பெருஞ்செல்வம் வெல்கிறான். பாரிசில் அதை இறைக்கிறான். இறுதியில், தான் விரும்பிய பொலினா தன்னையே நேசிக்கிறாள் என்று நண்பர் வந்து சொல்லும்போதுகூட அவன் நினைவு ஆட்ட மேசைக்கே திரும்புகிறது. நாளை எல்லாம் மாறிவிடும் என்கிறான்.

இருவர் செய்ததும் ஒரே செயல்தான். பாட்டி இடறி விழுந்தார், எழுந்து நடந்தார். அலெக்சியோ கட்டுண்டவன். இவ்வேறுபாட்டைக் காட்டியதே நாவலின் பெரும் பேறு எனலாம்.

மனநல மருத்துவம் இங்கே நமக்குத் துணைசெய்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இந்நிலையை உந்துதலை அடக்கவியலாக் கோளாறுகளுள் ஒன்றாக வகுத்தது. 2013-இல் குடி முதலிய அடிமைத்தனங்களோடு சேர்த்தது. ஆளுமைக் கோளாறு என்பது வேறு. அது ஒருவர் தம்மையும் பிறரையும் நோக்கும் முறையிலேயே நெடுங்காலம் படிந்துவிட்ட பிறழ்ச்சி. பொலினா சொன்னால் மலையிலிருந்து குதிப்பேன் என்றும், அவள் ஏவினாள் என்பதற்காகவே சீமாட்டி ஒருவரை நடுவழியில் அவமதித்தும் திரியும் அலெக்சியிடம் அதன் சாயலைக் காண்போர் உளர். நாம் அவனுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட விரும்பவில்லை. ஆசிரியரே ஒட்டவில்லை.

இந்நூலை வாசித்தபோது நமக்கே ஒரு குற்றவுணர்வு எழுந்தது. சீட்டாட்டத்தில் வீட்டை அழித்தவர்கள் நம்மிடம் வந்தபோது, திருவிவிலியத்தைத் தொட்டு வாக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வாக்கு முறிந்ததும் அவர்கள் நம்மை விட்டு ஒதுங்கினர். அவ்வாக்கும் அவர்களுக்கு இன்னொரு 'நாளை'யாகவே இருந்தது என்பதை நாம் அன்று உணரவில்லை. பழக்கமும் உளவியல் காரணங்களும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே கூறுகிறது. பொறுப்பு குறைவதால் மனைவி மக்கள் படும் துயரம் குறைந்துவிடுவதில்லை. ஆகவே மருத்துவமும் வேண்டும், கடனைக் கணக்கிட்டுத் தீர்க்கும் ஒழுங்கும் வேண்டும்.

ஆசிரியரின் வாழ்வே இதற்குச் சான்று. 1867-இல் அன்னாவை மணந்த பின்னரும் அவர் ஆடினார். அன்னாவின் நகைகளும் ஆடைகளும் அடகுக்குச் சென்றன. 1871-இல் வீஸ்பாடன் நகரில் தோற்றதோடு நிறுத்தியவர், 1881-இல் இறக்கும்வரை மீண்டும் ஆடவில்லை. மனைவியின் பொறுமையைப் பலர் போற்றுவர்; அது தகும். ஆனால் 1872-இன் இறுதிக்குள் செருமானியச் சூதாட்டச் சாலைகள் சட்டத்தால் மூடப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. மனம் திரும்பியவனுக்குக் கதவு அடைபட்டிருப்பதும் ஓர் உதவியே. தமிழகத்தில் 2003-இல் பரிசுச்சீட்டு தடைசெய்யப்பட்டபோது எத்தனையோ இல்லங்கள் மூச்சுவிட்டன. இன்று அந்தக் கதவு கைப்பேசிக்குள் திறந்திருக்கிறது.

இளைஞர் உள்ள இல்லங்களில் இந்நாவல் வாசிக்கப்பட வேண்டும். பிள்ளைகளை அச்சுறுத்துவதற்காக அன்று. அவர்களுள் ஒருவன் 'நாளை' என்று சொல்லத் தொடங்கும்போது, பெற்றோர் அதை அடையாளம் கண்டு, ஏசாமல், காலம் தாழ்த்தாமல் அவனைத் தக்கவரிடம் அழைத்துச் செல்வதற்காக.