தெருமுனை ஓடுகள்

ஜெருசலேமின் பழைய நகருக்குள் போகிறவர்கள் கல்லறைத் தேவாலயம், அழுகைச் சுவர் என்று ஓட்டமாய் ஓடுகிறார்கள். என் கண் நின்றது சந்து முனைகளில் தெருப்பெயர் சொல்லும் பீங்கான் ஓடுகளில்.

ஊருக்கு இந்தக் கைவேலையைத் தந்தவர்கள் ஆர்மீனியக் குயவர்கள். பாறைக் குவிமாடத்தின் ஓடுகளைப் பழுதுபார்க்க, 1919 வாக்கில் துருக்கியின் குத்தாஹியா மரபில் வந்தவர்களை ஆங்கிலேயர் வரவழைத்தார்கள். வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

சில பலகைகளைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அரபும் ஆங்கிலமும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். ஜோர்தான் ஆண்ட காலத்து வேலை. ஹீப்ரு மட்டும் மேலே தனி ஓட்டில், 1967இல் இஸ்ரேல் நகரைப் பிடித்த பிறகு சேர்த்தது. வெள்ளைகூட ஒன்றுபோல் இல்லை. நடுவில் பழைய கட்டத்தின் கோடு, ஒட்டுப்போட்ட வேட்டியின் தையல் மாதிரி, அப்பட்டமாய்த் தெரிகிறது. மறைக்க யாரும் மெனக்கெடவில்லை, நல்லவேளை!