உதவிக்கு இருபது ஆண்டு, தளத்துக்கு 2086 வரை

மார்ஷல் தீவுகளுக்கு ராணுவம் கிடையாது. சொந்த நாணயமும் கிடையாது. கடைகளில் புழங்குவது அமெரிக்க டாலர். பசிபிக்கின் நடுவே 29 பவளத் தீவுக்கூட்டங்களும் தனித்த 5 தீவுகளுமாகச் சிதறிக்கிடக்கும் இந்த நாட்டின் நிலப்பரப்பு மொத்தம் 181 சதுர கிலோமீட்டர்தான். அதன் உரிமைக்கு உட்பட்ட கடலோ ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நாற்பதாயிரத்துச் சொச்சம். ஐ.நா. பொதுச் சபையில் அமெரிக்காவுக்கு இருப்பதுபோலவே அதற்கும் ஒரு வாக்கு உண்டு. ஆனால் அந்தக் கடலுக்குள் எந்த நாட்டுப் படை வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் வாஷிங்டனிடம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குச் சுதந்திர இணைவு ஒப்பந்தம் என்று பெயர். மார்ஷல் தீவுகளுடனும் மைக்ரோனேசியக் கூட்டாட்சியுடனும் 1986-இலும், பலாவுடன் 1994-இலும் இது நடைமுறைக்கு வந்தது. பணமும் பாதுகாப்பும் அமெரிக்கா தரும். அதற்கு ஈடாகப் பிற நாட்டுப் படைகளை அந்தப் பரப்பிலிருந்து விலக்கிவைக்கும் உரிமையைப் பெற்றுக்கொள்ளும். இதைச் சிறிய நாடுகளுக்குக் கிடைத்த பெரும் பேறு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், காலனியாட்சிக்குப் போட்ட புதுச் சட்டை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேரும் முப்பத்து நான்கு கோடிப் பேரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் சமத்துவத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. அதனால் சமமா இல்லையா என்ற கேள்வியிலேயே நின்றுவிடாமல், இதில் யாருடைய தேவைக்கு எத்தனை காலம் உறுதி தரப்பட்டிருக்கிறது, தீர்ந்ததாகச் சொல்லப்பட்ட கணக்கை மறுபடி திறக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சிறியதல்ல. இந்த மூன்று நாட்டு மக்களும் விசா இல்லாமல் அமெரிக்காவுக்குப் போகலாம், தங்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக இரண்டு மீட்டர் உயரம்கூட நிச்சயமில்லாத தீவுகளில் வாழ்பவர்களுக்கு இது உயிர்க் காப்பு. ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரேலியா துவாலுவுடன் 2023-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 280 பேர்தான் குடியேறலாம். அதற்கே, வேறு நாடுகளுடன் துவாலு பாதுகாப்பு உடன்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அமெரிக்கா கொடுத்தது அதைவிடப் பன்மடங்கு தாராளம். அஞ்சல், வானிலை அறிவிப்பு, விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு என்று ஒரு சிறு நாடு தனியாகக் கட்டியெழுப்பவே முடியாத சேவைகளும் இதன்வழி கிடைக்கின்றன. விரும்பினால் பொதுவாக்கெடுப்பு நடத்தி இணைவிலிருந்து வெளியேறவும் ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது. வார்சா ஒப்பந்தத்திலிருந்து வெளியேறப் பார்த்த ஹங்கேரிக்கு 1956-இல் நேர்ந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் குடியேறும் உரிமையிலும் ஒரு விரிசல் இருந்தது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தன் உள்நாட்டு நலத்திட்டங்களைத் திருத்தியபோது, ஒப்பந்த நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏழைகளுக்கான மெடிகெய்டு மருத்துவக் காப்பீட்டை இழந்தார்கள். ஆர்கன்சாஸ் மாநிலம் ஸ்பிரிங்டேலின் கோழி இறைச்சி ஆலைகளில் உழைத்து வரி கட்டிவந்த மார்ஷல் மக்கள் நோய் வந்தால் கடனாளியானார்கள். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்ட இளைஞர்கள் இதே நாடுகளிலிருந்து போனவர்கள்தான். பறிபோன உரிமை திரும்பி வந்தது 2020 டிசம்பரில். கால் நூற்றாண்டு! எடுத்ததும் வாஷிங்டன், திருப்பித் தந்ததும் வாஷிங்டன். இடையில் மார்ஷல் தலைநகர் மஜுரோவில் இருந்த அரசால் கேட்க மட்டுமே முடிந்தது.

இந்த உறவின் ஆழமான குறை அணுகுண்டுக் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1947-இல், இந்தத் தீவுகளை அமெரிக்காவின் பொறுப்பாட்சியில் ஐ.நா. ஒப்படைத்தது. மக்களை முன்னேற்றித் தன்னாட்சிக்குத் தயார் செய்வது பொறுப்பாளரின் கடமை. ஆனால் குண்டுவெடிப்பு அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்து கூடியிருந்த பிகினித் தீவு மக்களிடம், மனிதகுலத்தின் நன்மைக்காகத் தீவைக் கொஞ்ச காலம் விட்டுத்தர முடியுமா என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயாட் கேட்டார். 167 பேர் வெளியேறினார்கள். பின்னாளில் சிலரைத் திரும்பக் குடியேற்றியபோது அவர்கள் உடலில் கதிரியக்கம் ஏறியது. 1978-இல் மறுபடி வெளியேற்றினார்கள். பிகினிச் சமூகம் இன்றுவரை ஊர் திரும்பவில்லை.

1946-க்கும் 1958-க்கும் இடையில் பிகினியிலும் எனிவெடோக்கிலும் 67 அணுச் சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த காசில் பிராவோவின் வலிமை 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ரோங்கலாப் தீவின் மேல் வெண்பொடியாகச் சாம்பல் கொட்டியது. அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று. சோதனைகளை நிறுத்தும்படி அதே ஆண்டு மார்ஷல் மக்கள் ஐ.நா.வுக்கு மனு எழுதினார்கள். சோதனைகள் மேலும் நான்கு ஆண்டு தொடர்ந்தன.

இந்தப் பாதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து 1986 ஒப்பந்தத்தின் 177-ஆம் பிரிவு 15 கோடி டாலரை ஒதுக்கியது. முன்பு நடந்தது, இனி தெரியவருவது எல்லாவற்றுக்கும் இதுவே முழுமையான, இறுதியான தீர்வு என்றும், அமெரிக்க நீதிமன்றங்களில் இதுபற்றி இனி வழக்குத் தொடர முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். இதில் கையெழுத்திட்டபோது மார்ஷல் தீவுகள் இன்னும் அமெரிக்காவின் பொறுப்பாட்சியில்தான் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. மைனர் பிள்ளையின் சொத்துக்குக் கார்டியனாக இருப்பவர், பிள்ளை மேஜராகும் நாளில், தன் மீதுள்ள புகார்களையெல்லாம் கைவிட்டால்தான் வீட்டுச் சாவியைத் தருவேன் என்பது போன்றது இது. கதிரியக்கம் எவ்வளவு தூரம் பரவியது என்ற ஆவணங்களும் கார்டியனின் பெட்டிக்குள்தான் பூட்டிக்கிடந்தன. அவற்றில் முக்கியமானவை 1990களில்தான் வெளியே வந்தன. மக்கள் வாக்களித்து ஏற்ற ஒப்பந்தம் இது என்று சொல்லும்போது, அவர்கள் எதை அறிந்து வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தின்படி அமைந்த அணுப் பாதிப்புத் தீர்ப்பாயம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. எனிவெடோக், பிகினி, ரோங்கலாப் என்று தீவு தீவாக விசாரித்து மொத்தம் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் நிதியில் அதைக் கொடுக்கப் பணம் இல்லை. சூழ்நிலை மாறினால் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் மனுக் கொடுக்கலாம் என்றும் 177-ஆம் பிரிவின் உடன்பாடு சொல்கிறது. 2000-இல் மார்ஷல் அரசு மனுக் கொடுத்தது. சில ஆண்டுகளில் புஷ் நிர்வாகம், சூழ்நிலை மாறவில்லை என்று மறுத்துவிட்டது. பிகினி மக்களும் எனிவெடோக் மக்களும் தொடர்ந்த வழக்குகளை எடுத்துக்கொள்ள 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மறுத்தது. சேதம் விளைவித்தவரிடமே மேல்முறையீடு செய்யச் சொல்வதை நான் நீதி என்று ஏற்க மாட்டேன். எனிவெடோக்கின் ரூனிட் தீவில், குண்டு பறித்த பள்ளத்திலேயே கதிரியக்க மண்ணைக் கொட்டிக் கான்கிரீட் குவிமாடம் போட்டு மூடியிருக்கிறார்கள். பள்ளத்தின் அடியில் காப்பு எதுவும் போடவில்லை. அந்தக் குவிமாடத்துக்கும் இனி மார்ஷல் அரசுதான் பொறுப்பு என்பது அமெரிக்காவின் வாதம்.

இதன் அருகில் குவாஜலினை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அமெரிக்காவின் ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து ஏவும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அந்தப் பகுதியில்தான் வந்து விழுகின்றன. தளத்தில் வேலை பார்க்கும் மார்ஷல் தொழிலாளர்கள் தினமும் படகில் போய்விட்டு ஈபை தீவுக்குத் திரும்புகிறார்கள். அரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஈபையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். 1982-இல் நில உரிமையாளர்கள் ஆயிரம் பேர் வரை படகேறிச் சென்று தங்கள் தீவுகளில் குடியமர்ந்து போராடினார்கள். இன்றைய குத்தகை 2066 வரை செல்லும்; அமெரிக்கா விரும்பினால் 2086 வரை நீட்டிக்கலாம். நீட்டிக்கும் விருப்பம் ஒரு தரப்புக்குத்தான்.

பொருளாதார உதவியோ பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை காலாவதியாகிறது. ஒவ்வொரு முறையும் தீவுகளின் அதிபர்கள் வாஷிங்டனுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. பலா 2010-இல் புதுப்பித்துக் கையெழுத்திட்ட உடன்பாட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் முழுப் பணம் ஒதுக்கியது 2018-இல். மார்ஷல் தீவுகளுக்கும் மைக்ரோனேசியாவுக்குமான உதவிக் காலம் 2023 செப்டம்பரில் முடிந்தது. புதிய சட்டம் வர 2024 மார்ச் ஆயிற்று. தாமதம் போட்டி நாடுகளுக்குக் கதவைத் திறந்துவிடும் என்று மூன்று அதிபர்களும் சேர்ந்து செனட்டுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. அந்த ஆறு மாதத்தில் அமெரிக்காவின் ராணுவ உரிமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் சாய்வை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

சார்பு நாடு என்றால் குரலே இல்லாத நாடு என்று நினைத்துவிடவும் கூடாது. 2017 டிசம்பரில் ஜெருசலேம் தொடர்பான ஐ.நா. தீர்மானத்தை 128 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த ஒன்பதில் இந்த மூன்று நாடுகளும் இருந்தன. கைக்குப் பணம் வரும் திசையைப் பார்த்து வாக்களிக்கும் வழக்கத்துக்கு இது சான்று. ஆனால் அதே மார்ஷல் தீவுகள்தான் 2014-இல் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. அணு ஆயுதக் குறைப்புப் பேச்சு நடத்தும் கடமையை அணு வல்லரசுகள் மீறுகின்றன என்பது குற்றச்சாட்டு. அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்காததால், அதன் மீது அமெரிக்க நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார்கள். முன்னின்றவர் வெளியுறவு அமைச்சர் டோனி டிப்ரம்; ஒன்பது வயதில் பிராவோ வெடிப்பின் ஒளியைக் கண்ணால் கண்டவர். வழக்குகள் தள்ளுபடியாயின. ஆனாலும் சோறு போடும் வல்லரசை அதன் சொந்த நீதிமன்றத்திலேயே எதிர்த்து நின்ற அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். சுதந்திர இணைவு என்ற பெயரில் உள்ள சுதந்திரம் முழுப் பொய்யில்லை என்பதற்கும் இது அடையாளம்.

2024 சட்டம் மூன்று நாடுகளுக்கும் இருபது ஆண்டுகளுக்கு 710 கோடி டாலர் தருகிறது. இதில் 230 கோடி மார்ஷல் தீவுகளுக்கு. அணுப் பாதிப்பைப் பேசாமல் மேசைக்கு வரமாட்டோம் என்று 2022-இல் ஒரு சுற்றுப் பேச்சையே மார்ஷல் தரப்பு ரத்து செய்தது; அதன் பலனாக 70 கோடி டாலர் அளவுக்கு ஒரு நிதி கிடைத்தது. இழப்பீட்டுப் பொறுப்பு 1986-உடன் முடிந்துவிட்டது என்ற நிலைப்பாட்டை மட்டும் அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை. சீனா பசிபிக்கில் காலூன்றாமல் இருந்திருந்தால் இவ்வளவு பணமும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். 2018-க்கு முன் எட்டு ஆண்டு காத்திருந்த பலாவைக் கேட்டால் தெரியும்.

இதற்கிடையே மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். 2011-இல் 53,000-க்கு மேல் இருந்த மார்ஷல் மக்கள்தொகை 2021-இல் 42,000 அளவுக்கு இறங்கியது. வெளியேறும் உரிமை இந்த ஒப்பந்தத்தின் மிகப் பெரிய நன்மை என்று மேலே சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆசிரியரும் செவிலியரும் அந்த வழியாகப் போய்விட்டால் மிச்சமிருக்கும் நாட்டை யார் நடத்துவது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை.

இந்த உறவை அறுத்துவிட வேண்டும் என்பவர்களோடு நான் இல்லை. அறுத்தால் இழப்பு தீவுகளுக்கே. திருத்த வேண்டிய இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. உதவிக்கும் தளத்துக்கும் ஒரே கால எல்லை வேண்டும். பணம் நின்ற நாளில் ராணுவ உரிமையும் நின்றால் எந்த செனட்டும் ஆறு மாதம் தூங்காது. குடியேறியவர்களின் உரிமையில் அமெரிக்காவின் உள்நாட்டுச் சட்டம் கைவைக்க முடியாதபடி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 177-ஆம் பிரிவின் கீழ் வரும் மனுவை அமெரிக்க நாடாளுமன்றம் விசாரிக்கக் கூடாது. இரு தரப்பும் ஏற்கும் மூன்றாவது அமைப்பொன்று விசாரிக்க வேண்டும். தீர்ப்பாயம் வழங்கச் சொன்ன இழப்பீட்டின் நிலுவையைத் தீர்ப்பது அதன் முதல் வேலையாக இருக்கட்டும். அமெரிக்காவின் ஓராண்டுப் பாதுகாப்புச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பணமில்லை என்று வாஷிங்டனால் சொல்ல முடியாது.