தடித்த எழுத்தின் மெல்லிய கோடு

பேராவூரணிக் கடைவீதியில் ஒரு போஸ்டரைத் தொலைவிலிருந்தே கவனிக்க வைப்பது எழுத்தின் தடிமன். நின்று ரசிக்க வைப்பது அதை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு. இத்தாலியின் பார்மா நகரில் அச்சாளர் போடோனி (1740–1813) வடித்த எழுத்துகளில் இந்த முரண் அழகின் உச்சம் தொட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் எழுத்து வார்ப்பாளர்கள் தடித்த கோடுகளை இன்னும் பருக்க வைத்து விளம்பரங்களுக்குத் தந்தார்கள்.

தமிழுக்கு இந்த முரண் ஒட்டாது என்பார்கள். ஓலையில் எழுத்தாணி கீறியது ஒரே பருமனான கோடு, அதுவே நம் எழுத்தின் இயல்பு என்பது வாதம். ஓலைக்குச் சரி. தட்டைத் தூரிகையைக் கிடையாகப் பிடித்துச் சுவரில் ‘ப’ எழுதினால், கால்கள் தடித்து அடிக்கோடு தானாக மெலிகிறது. கருவி மாறக் கோடும் மாறுகிறது. தடித்தால் சுழிகள் அடைபடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தடித்தால் அடைபடத்தான் செய்யும். ஒரு பக்கம் மெலியும்போதோ, மூன்று சுழி ‘ண’வுக்குள்ளும் வெளிச்சம் புகுந்துவிடுகிறது, எழுத்தின் கம்பீரமும் குறைவதில்லை. பொடி எழுத்தில் மட்டும் இது உதவாது. மலிவான தாளில் மெல்லிய கோடு முறிந்து கண்ணை வருத்தும். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு இதைக் கொடுக்கலாம். முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் சாதாரண எழுத்தில் விட்டுவிட வேண்டும்.