முத்திரையா, கேடயமா?

பழைய வீடொன்றின் வாயில் நிலையில் அறுமுனை விண்மீன் செதுக்கப்பட்டிருந்தது. "ஹஜ்ரத், இது யஹூதிகளின் சின்னமல்லவா? இழைத்து எடுத்துவிடலாமா?" என வீட்டுக்குரியவர் என்னை வினவினார். இவ்வினா எழும் உள்ளங்கள் அறிய வேண்டிய கட்டுரை ஒன்று உண்டு. ஜெரூசலம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கெர்ஷோம் ஷோலெம், இவ்வடிவத்தின் வரலாறு குறித்து 1949இல் வெளியிட்டது அது.

யூத அறிஞரின் அக்கட்டுரை, யூதர் பலர் நம்பி வந்ததையே மறுக்கின்றது. தாவூத் நபி (அலை) அவர்களின் கேடயத்தில் இவ்வடிவம் இருந்ததென்பதற்குச் சான்றில்லை. கப்பர்நாகூமின் தொன்மையான யூதத் தொழுகைக் கூடத்தில் ஐமுனை விண்மீனுடனும் சுவஸ்திகத்துடனும் இதுவும் ஓர் அணி வேலையாகவே நிற்கின்றது. நடுக்காலத்தில் பிராக் நகர யூதர் இதனைத் தம் அடையாளமாக்கினர். கிறித்தவர்க்குச் சிலுவை போலத் தமக்கும் ஒரு சின்னம் வேண்டுமென்ற விருப்பமே 19ஆம் நூற்றாண்டில் இதனை எங்கும் பரப்பிற்று. தம்மவர் மனம் நோகுமே என்றஞ்சாது சான்றின் வழி நின்ற நேர்மை போற்றத்தக்கது.

அரபு மக்கள் இதனைக் 'காத்தம் சுலைமான்', அதாவது சுலைமான் நபியின் முத்திரை என்றனர். ஷோலெம் இதனை அறிவார். எனினும் அவர் நோக்கு யூத வரலாற்றிலேயே நிலைத்துவிட்டது. உதுமானியக் கடற்படைத் தலைவர் கைருத்தீன் பார்பரோசாவின் கொடியில் துல்ஃபிகார் வாளுடன் இவ்விண்மீனும் உண்டு. தில்லியில் ஹுமாயூன் கல்லறையின் வளைவுகளிலும் அதனைக் காணலாம். முருக வழிபாட்டினர்க்கோ இது அறுகோணச் சக்கரம்.

நம்மவரும் தம்மைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். சுலைமான் நபிக்குக் காற்றும் ஜின்களும் வசப்பட்டதையும், பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதையும் திருக்குர்ஆன் கூறுகின்றது. மந்திர மோதிரத்தைக் கூறவில்லை. அது இஸ்ராயீலியர் வழிவந்த கதைகளால் நம் நூல்களிற் புகுந்தது. ஆதலின் இவ்வடிவைத் தாயத்தில் எழுதி அருள் தேடுவதும் பிழை. கண்டு வெருள்வதும் பிழை.

கட்டுரையின் முடிவில்தான் நான் ஆசிரியருடன் வேறுபடுகின்றேன். 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் 6 வயதைக் கடந்த யூதர் யாவர்மீதும் மஞ்சள் விண்மீன் சுமத்தப்பட்டது. அதனை அணிந்தவாறே மாண்டோரின் துயரால் அச்சின்னம் புனிதமுற்றது என்கிறார். இனி அது வாழ்வுக்கும் மறுமலர்ச்சிக்கும் ஒளிகாட்டும் என நம்புகிறார். அத்துயரை மறுப்பவன் மனிதனல்லன். ஆனால் 1948இல் அதே விண்மீன் இஸ்ரேலின் கொடியில் ஏறியது. அவ்வாண்டிலேயே பலஸ்தீனர் இலட்சக்கணக்கில் வீடிழந்தனர். அவர்கள் கண்ணுக்கு அது எப்பொருள் தரும்? மறு ஆண்டு எழுதியவர் இதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழமைக்குச் சான்று கேட்ட வரலாற்றாசிரியர், தம் காலத்துக்குக் கேளாது விட்டார்.

சின்னத்தின் பொருள் கோடுகளில் இல்லை; அதனை ஏந்துவோர் செயலில் உள்ளது. ஆதலால் வீட்டுக்குரியவரிடம், "நிலை அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் கேட்டால் இவ்வரலாறு முழுவதையும் சொல்லுங்கள், எவர் துயரையும் மறைக்காமல் சொல்லுங்கள்" என்றேன்.